சீல் வைத்த சடை

ருஃபினோ பரேதெஸ் அந்த வேனை வாங்கியதற்கு ஒரே காரணம், அதன் நடு வரிசை இருக்கை கட்டில் மாதிரி சாய்ந்து கொடுத்ததுதான். விற்றவன் பாவம், தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினான். ஜப்பான் வண்டி, அங்கே ஒரே ஒரு கை மட்டும் ஓட்டியது, ஏழு பேர் தாராளமாக உட்காரலாம், பாதி பெட்ரோல் பாதி பேட்டரி, பூனை மாதிரி சத்தமில்லாமல் நகரும் என்றான். ருஃபினோ எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் உள்ளே ஏறி, இருக்கையைச் சாய்த்து, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. விற்றவன் பயந்துபோய் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான்.

"உயிரோடதான் இருக்கேன். என் பெண்டாட்டி மாதிரி படுத்துப் பாக்கறேன்" என்றார் ருஃபினோ.

அவருடைய பெண்டாட்டி நிமியாவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கையை விரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் வியாரிக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். அவர்கள் இருந்த இத்தூர்பே சர்க்கரை ஆலைக்காரர்களின் ஊர். அங்கிருந்து வியாரிக்கா ஒன்றும் வேறு தேசம் இல்லை. ஆனால் போகும்போது மனுஷியாகப் போகிறவள், வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக வருவாள். பிழிந்த துணியை பஸ்ஸில் நிற்க வைத்து, சிப்பா ரொட்டி விற்கிறவனின் கூடைக்கும் யாரோ ஒருவரின் கோழிக்கும் நடுவில் செருகிக் கொண்டுவருவது எப்படி? இரண்டு தடவை பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாள். 

நாற்காலி விஷயமும் இருந்தது. அந்த வார்டில் நாற்காலிகள் கொஞ்சம், சிறுநீரகம் கெட்டவர்கள் நிறைய. ஒருவர் சரியாக வராவிட்டால் அவருடைய நாற்காலி அடுத்தவருக்கு. அந்த அடுத்தவர்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும், "எப்படிம்மா இருக்கே, முகம் வாடியிருக்கே, ராத்திரி தூங்கினியா?" என்று அன்பாக விசாரிப்பார்கள். விசாரிப்பில் அன்பும் இருக்கும், ஒரு கணக்கும் இருக்கும். ருஃபினோ யாரையும் குறை சொல்லவில்லை. அவரும் அந்த பெஞ்சில் இருந்து அப்படி விசாரித்தவர்தான்.

ஆகவே இருந்த கரும்புத் தோட்டம் விலைக்குப் போயிற்று, வேன் வந்தது.

ஜப்பானில் ஸ்டீயரிங் வலது பக்கம். பராகுவேயில் இடது பக்கம். கப்பலில் சிலிக்கு வந்து, மலை தாண்டி இந்த நாட்டுக்குள் நுழையும் பழைய வண்டிகளுக்கெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட வேண்டும் என்பது சட்டம். இதற்கென்று ஊருக்கு ஒரு நிபுணன் உண்டு. இத்தூர்பேயின் நிபுணன் கிளெதோ. கழற்றுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாட்டுவதைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து இருந்தது.

கிளெதோ ஸ்டீயரிங்கை மாற்றினான். பிரேக்கை மாற்றினான். மிச்சமான திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு, வண்டியோடு வந்தது வண்டியோடே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாகக் கொடுத்தான். வேகம் காட்டும் மீட்டர் மட்டும் வலது பக்கமே இருந்தது.

"மீட்டரை எப்பப்பா மாத்துவ?" என்று ருஃபினோ கேட்டார்.

"அதைத் தொட்டா வண்டி செத்துரும், ருஃபினோ ஐயா. உள்ள கம்ப்யூட்டர். இது யோசிக்கிற வண்டி. நான் யோசிக்கிற ஆள் இல்ல."

நேர்மையான பதில்தான். அதோடு அவன் ஒரு யோசனையும் சொன்னான். சாய்கிற இருக்கையை நடு வரிசையிலிருந்து பெயர்த்து முன்னால் வலது பக்கம் நட்டுவிட்டால் நிமியா படுத்தபடியே வரலாம், மீட்டரும் அவள் கண்ணுக்கு நேரே இருக்கும், பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தால் முடிந்தது. பேச்சுத் துணையும் ஆயிற்று என்றான். அப்படியே செய்தார்கள். நிமியாவும் சாய்ந்தபடி, "முப்பது... முப்பத்தஞ்சு... கிழவா, அம்பது, யாரைத் துரத்திக்கிட்டுப் போற?" என்று சொல்லிப் பழகிக்கொண்டாள்.

வண்டிக்குள் இன்னொரு பெண்ணும் இருந்தாள். சாவியைத் திருப்பியதும் ஜப்பான் மொழியில் இனிமையாக ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். ஏதோ வணக்கம் சொல்கிறாள் என்று எண்ணி நிமியாவும் தினமும், "வாம்மா, நல்லா இருக்கியா" என்று பதில் சொல்லி வந்தாள். ஒரு நாள் ஜப்பானியக் குடியேற்றத்திலிருந்து வந்த ஒரு காய்கறிக்காரர் கேட்டுவிட்டு விளக்கினார். சுங்கச்சாவடி கார்டு செருகப்படவில்லை என்று அவள் புகார் செய்கிறாளாம்.

"அட கடவுளே. இவளும் ஆபீஸ்காரிதானா" என்றாள் நிமியா.

அந்தச் சொல்லை அவள் எந்த நேரத்தில் சொன்னாளோ, வியாரிக்காவுக்குப் புறப்பட்ட முதல் பயணத்திலேயே சாலைப் போலீஸ் மறித்தது. வண்டிக் கண்ணாடியில் தேசிய வாகன மேன்மைக் கழகத்தின் ஸ்டிக்கர் இல்லை. ஸ்டிக்கர் இல்லாத வண்டி சாலையில் இருந்தால் பறிமுதல். கழகத்துக்கு ஓட்டிப் போக மட்டும் அனுமதி.

தேசிய வாகன மேன்மைக் கழகம் வியாரிக்காவுக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகையில் இருந்தது. வாசலில், கழகம் வென்ற கேடயங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நின்றன. எல்லாம் கழகமே கழகத்துக்குக் கொடுத்துக்கொண்டவை. காலையில் வேலை தொடங்குமுன் கழக கீதம் பாடுவார்கள். கீதம் முடிகிறவரை எல்லா வண்டிகளும் மரியாதையாக என்ஜினை நிறுத்தியிருக்க வேண்டும். முதல் நாள் இரண்டாம் சரணத்தில் இன்ஸ்பெக்டர் மிர்த்தா பாட்டை நிறுத்திவிட்டு ருஃபினோவின் வண்டியருகே வந்தாள். நல்ல பெண், விதிமுறை தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

"வண்டி ஓடிட்டிருக்கா, நின்னுட்டிருக்கா?"

"எனக்கே தெரியலங்கம்மா. இது நின்னாலும் ஓடும், ஓடினாலும் நிக்கும்" என்றார் ருஃபினோ.

மிர்த்தா வண்டியின் முன்மூடியில் காது வைத்துக் கேட்டாள். மற்றவர்களும் வந்து கேட்டார்கள். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. சந்தேகத்தின் பலனைக் கீதத்துக்கு அளித்து, முதல் சரணத்திலிருந்து திரும்பப் பாடினார்கள்.

பிறகு தெரெரே. அது பராகுவேக்காரனுக்கு மூச்சு மாதிரி. ஐஸ் தண்ணீரில் மூலிகை போட்டு, ஒரே கோப்பை, ஒரே உறிஞ்சுகுழல், கை மாறி வட்டமாக வரும். வட்டம் முடிகிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் அவமரியாதை. கழகத்தில் ஊழியர்கள் அதிகம், வட்டம் பெரிது. கோப்பை கடைசி ஆளிடம் போய்ச் சேரும்போது முதல் ஆளுக்கு மறுபடி தாகம் எடுத்திருக்கும்.

வெயில் உச்சிக்கு ஏறியபின் மிர்த்தா வந்து வண்டியின் புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகினாள். இயந்திரம் பூஜ்யம் காட்டியது. கம்பியைத் துடைத்துச் செருகினாள். பூஜ்யம். நிற்கும்போது பேட்டரியில் நிற்கிற வண்டி புகைக்கு எங்கே போகும்?

"பூஜ்யம்னு எழுத முடியாதுங்க. பூஜ்யம்னா சோதிக்கலன்னு அர்த்தம்" என்றாள்.

"சோதிச்சீங்களேம்மா."

"சோதிச்சிருந்தா பூஜ்யம் வந்திருக்காதே."

ருஃபினோவை அழைத்துக்கொண்டு தலைவரிடம் போனாள். தலைவர் டாக்டர் ஓர்தெயாதோ நோய் பார்க்கிற டாக்டர் இல்லை, சட்டம் படித்த டாக்டர். மேடையில் பேசுவது போலத்தான் எப்போதும் பேசுவார். வீட்டில் உப்பு கேட்பதும் அந்த நடையில்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"பெரியவரே," என்று தொடங்கினார், "நல்ல குடிமகன் புகை விடுவான். நாம் அதை அளப்போம், கண்டிப்போம், மன்னிப்போம். இதுவே அரசுக்கும் மக்களுக்கும் உள்ள உறவு. எதையுமே வெளியே விடாத வண்டி எதையோ உள்ளே மறைக்கிறது. நாளை எல்லா வண்டிகளும் இப்படிப் புகையில்லாமல் வந்துவிட்டால் எங்கள் புகைத் தடுப்புப் பிரிவின் கதி என்ன? எத்தனை குடும்பங்கள் அந்தப் புகையை நம்பி வாழ்கின்றன, நினைத்துப் பார்த்தீர்களா?"

ருஃபினோ நினைத்துப் பார்க்கவில்லை. அவர் நினைத்துக்கொண்டிருந்தது நாற்காலியை. மனைவிக்கு உடம்பு இப்படி, வண்டி அவசரம் என்று எடுத்துச் சொன்னார். தலைவர் மிகவும் வருந்தினார். வருத்தத்தோடே, வண்டி புகைவிடும்வரை கண்காணிப்பில் இருக்கட்டும் என்று உத்தரவிட்டார். வண்டியின் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, புகைக்குழாயைப் பார்த்தபடி ஒரு ஆளை உட்கார வைத்தார்கள். அவருக்கு மாற்றாக இன்னொருவரை நியமிக்கும் வேலையும் அன்றே தொடங்கியது.

வண்டி கழகத்தில் தவம் கிடக்க, நிமியா கரும்பு லாரியில் போய் வந்தாள். டிரைவர் நல்லவன், லாரி நல்லதில்லை. ஒரு வியாழக்கிழமை பாதி வழியில் அச்சு முறிந்து, கரும்பெல்லாம் சாலையில் சரிந்துகிடக்க, இன்னொரு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நிமியாவின் நாற்காலியில் வேறொருவர் சாய்ந்திருந்தார். பெஞ்சில் அவளை எப்போதும் அன்பாக விசாரிக்கிறவர்தான். இப்போது அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னிக்கு மட்டும்தான்மா," என்றாள் நர்ஸ் மெல்ல. "இன்னொரு தடவை தவறினா, இன்னிக்கு மட்டும்னு என்னால சொல்ல முடியாது."

சனிக்கிழமை வரும்வரை நிமியாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. காலிரண்டும் மரவள்ளிக் கிழங்கு போல வீங்கிக் கிடக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். கணவனைப் பார்க்கும்போதெல்லாம், "மூஞ்சியை அப்படி வெச்சுக்காத, நான்தானே வீங்கியிருக்கேன்" என்பாள். ருஃபினோ வெளியே போய் மாமரத்தடியில் நின்றுவிட்டு வருவார். அவள் மூச்சு வாசல்வரை கேட்டது. 

சனிக்கிழமை சிகிச்சை ஒருவழியாக நடந்தது. திங்கட்கிழமை ருஃபினோ கிளெதோவைக் கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வண்டிக்குப் புகை வேண்டும், எப்படியாவது வேண்டும். இது கிளெதோவின் துறை. ஒரு பழைய டின்னில் ஈரக் கரும்புச் சோகையை அடைத்து, நெருப்பு வைத்து, வண்டிக்கு அடியில் கட்டி, தகரக் குழாய் வழியாகப் புகைப்போக்கியோடு சேர்த்தான். கண்காணிப்பு ஆள் அப்போது தெரெரே வட்டத்தில் இருந்தார்.

மிர்த்தா வந்தபோது வண்டி ஆலைப் புகைக்கூண்டு மாதிரி புகைந்துகொண்டிருந்தது. கம்பியைச் செருகினாள். முள் ஆடியது, ஏறியது, ஒரு நல்ல எண்ணில் போய் நின்றது. மிர்த்தாவின் கண்ணில் நீர். புகையாலும் இருக்கலாம்.

"இப்பத்தாங்க வண்டி மாதிரி இருக்கு" என்றாள்.

இனி ஓட்டச் சோதனை மட்டும் பாக்கி. அது அந்த வெள்ளிக்கிழமை. கூட வருகிறவர் இல்லாமல் ஓட்ட முடியாதே, ஆகவே நிமியாவும் வந்து தன் இருக்கையில் சாய்ந்துகொண்டாள். மிர்த்தா பின்னால் உட்கார்ந்தாள். கொட்டகையைச் சுற்றி ஓட்டும்போது, "இப்ப என்ன வேகம்?" என்று கேட்டாள்.

"கிழவி, என்ன?" என்றார் ருஃபினோ.

"முப்பத்தெட்டு."

மிர்த்தா எட்டிப் பார்த்தாள். ஓட்டுகிறவருக்கு முன்னால் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கிளெதோ ஒரு புனிதர் படத்தை ஒட்டியிருந்தான். வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"டிரைவர் வேகத்தைப் பாக்க முடியலியே."

ருஃபினோவுக்கு மறுநாள் சனிக்கிழமை என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. வாய் தானாகப் பேசிற்று. "பாக்கற மீட்டர்தான் எல்லா வண்டியிலயும் இருக்கேம்மா. இது கேக்கற மீட்டர்."

மிர்த்தா வாழ்க்கையில் முதல்தடவையாக ஓடிப்போய் தலைவரைக் கூட்டிவந்தாள். டாக்டர் ஓர்தெயாதோ கையில் தெரெரே கோப்பையோடு வந்து, ஜன்னல் வழியாக நிமியாவை இப்படியும் அப்படியும் பார்த்தார். ஊழியர்கள் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிடித்தார்கள். அவர் அதைத் திறக்கவில்லை. பெரிய மனிதர்கள் திறப்பதில்லை.

"சட்டம் தெளிவாக இருக்கிறது. ஓட்டுநருக்கு வேகத்தைத் தெரிவிக்கும் எந்தப் பொருளும் வேகமானியே. அந்தப் பொருளுக்கு உயிர் இருக்க வேண்டும் என்றோ இருக்கக் கூடாது என்றோ சட்டம் சொல்லவில்லை. இக்கழகம் உயிர் உள்ளவை, இல்லாதவை என்று யாரிடமும் பாகுபாடு காட்டியதில்லை. எங்கள் ஊழியர்களைப் பார்த்தாலே உங்களுக்குப் புரியும்."

"என்னை எதுல சேத்திருக்காங்க?" என்று நிமியா கணவனைக் கேட்டாள்.

"வண்டியோட சாமான்ல."

"உன் வீட்டுல இத்தனை வருஷமா அதுலதானே இருக்கேன்."

சாமான் என்று ஆனபின் அதற்குரிய சோதனைகளைத் தவிர்க்க முடியுமா? முதலில் துல்லியம். ருஃபினோ ஓட்ட, நிமியா சொல்ல, மிர்த்தா மீட்டரைப் பார்த்துச் சரிபார்த்தாள். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் நிமியா, "நாப்பத்தஞ்சு, இவனுக்கு இது ஜாஸ்தி" என்று சொன்னது பிசகாயிற்று.

"வேகமானி கருத்துச் சொல்லக் கூடாதுங்க. எண்ணு மட்டும்" என்றாள் மிர்த்தா.

"நாப்பத்தஞ்சு" என்று நிமியா சொல்லிவிட்டு, மீதியை முகத்தில் வைத்துக்கொண்டாள். முகத்தைப் பற்றி விதி இல்லை.

இரவில் வேகமானி ஒளிர வேண்டும் என்றார்கள். அவளுடைய வைக்கோல் தொப்பியின் விளிம்பில் ஒரு குட்டி பல்பைத் தைத்தார்கள். வேகமானி வண்டியில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றார்கள். பெல்ட்டை இறுக்கினார்கள். கடைசியாக, யாரும் கழற்றி மாற்றாதபடி சீல் வைக்க வேண்டும். ஒரு ஊழியர் கம்பியும் ஈயக் குண்டும் இடுக்கியுமாக வந்து, நிமியாவின் இடது மணிக்கட்டைப் பிடித்துக் கம்பியைச் சுற்றப் போனார்.

கீதத்துக்கு நின்று, கோப்பைக்குக் காத்திருந்து, புகைக்குப் பொய் சொல்லி, இத்தனை நாளும் பணிந்துபோன ருஃபினோ அந்த இடுக்கியைத் தட்டிவிட்டார். அது போய்க் கேடயப் பெட்டியில் மோதியது.

"அந்தக் கை வேணாம்" என்றார். "அந்தக் கையிலதான் ரத்தம் கழுவறதுக்கு வழி பண்ணி வெச்சிருக்காங்க. நூல் கட்டினாக்கூட அடைச்சுக்கும். அடைச்சா அவ போயிருவா."

தெரெரே வட்டத்தில்கூட உறிஞ்சும் சத்தம் நின்றது. நிமியா தன் இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் ஓர்தெயாதோ தொண்டையைக் கனைத்து, சீல் வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வண்டி உரிமையாளருக்கு உண்டு, கழகம் தாராள மனம் படைத்தது என்றார். நிமியாவே தன் நரைத்த சடையை எடுத்து முன்னால் போட்டாள்.

"இதுல வைங்க. இதுக்கு வலிக்காது."

இருக்கைக் கம்பியையும் சடை நுனியையும் சேர்த்துக் கட்டி, ஈயக் குண்டை நசுக்கி, கழகத்தின் முத்திரையைப் பதித்தார்கள். மிர்த்தா ஸ்டிக்கரை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். ஊழியர்கள் கைதட்டினார்கள். ருஃபினோவுக்கு நெஞ்சில் அடைத்திருந்தது ஒன்று இறங்கியது. அது முழுதாக இறங்குவதற்குள் மிர்த்தா நிபந்தனையைப் படித்தாள்: சீல் வைத்த கருவியை, தகுதிக் காலம் முடியும்வரை, வண்டியிலிருந்து இறக்கக் கூடாது.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில அவ எப்படி இறங்குவா?" என்றார் ருஃபினோ.

டாக்டர் ஓர்தெயாதோ உண்மையிலேயே குழம்பிப்போனார். "வேகமானி எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?"

ருஃபினோ தரையில் உட்கார்ந்துவிட்டார். வண்டி கிடைத்துவிட்டது. ஸ்டிக்கர் கிடைத்துவிட்டது. சாலையில் யாரும் மறிக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை பூனை மாதிரி சத்தமில்லாமல் போகலாம். வாசலில், உள்ளே போக முடியாமல், பெண்டாட்டி வண்டியிலேயே செத்துப்போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். சீலை உடைத்தால் வண்டி பறிமுதல், பிறகு கரும்பு லாரி, பிறகு இன்னொரு வியாழக்கிழமை. மிர்த்தா குனிந்து ஏதோ ஆறுதல் சொன்னாள். ஆறு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதே அது.

"டாக்டர் தம்பி" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

கழகத் தலைவரை இதுவரை யாரும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அவர் திரும்பினார்.

"உங்க கழகத்துல பராமரிப்புன்னு ஒண்ணு கிடையாதா? சாமானை வாங்கி மாட்டிட்டா அவ்வளவுதானா?"

"பராமரிப்பா?" என்றார் தலைவர்.

"எனக்கு ஃபில்டர் அடைச்சுக்குது. வாரத்துக்கு மூணு தடவை கழட்டிக் கழுவணும். கழுவாம விட்டா எண்ணைத் தப்பாச் சொல்ல ஆரம்பிப்பேன். நாப்பதுக்கு எண்பதும்பேன். அப்புறம் ஒரேயடியா நின்னுருவேன். நின்னா எனக்கு ஒண்ணுமில்ல. மேன்மைக் கழகம் சீல் வெச்ச மீட்டர் நடுரோட்டுல நின்னுபோச்சுன்னு ஊர் சிரிக்கும், அதான் பாக்கறேன்."

டாக்டர் ஓர்தெயாதோவின் முகத்தில் ஏதோ உதயமாயிற்று. அவர் கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து, பராமரிப்பு வேண்டும் என்று தானாக முன்வந்து கேட்ட ஒரு கருவியைக் கண்டதில்லை. வண்டிகள் கேட்டதில்லை. ஊழியர்கள் கேட்டதில்லை. கொட்டகைக் கூரைகூட ஒழுகியதே தவிரக் கேட்டதில்லை. கோப்பையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார்.

"இந்த நாட்டின் சாபம் எது? பராமரிப்பின்மை! பாலம் கட்டுகிறோம், மறக்கிறோம். சாலை போடுகிறோம், மறக்கிறோம். மனிதர்களைப் பெற்றெடுக்கிறோம், மறக்கிறோம். அது நம் மரபு, அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் எனது முத்திரை தாங்கிய ஒரு கருவியை மறக்க நான் விடமாட்டேன். ஒருமுறைகூடப் பராமரிப்பு தவறக் கூடாது. தவறினால் அது என் கையெழுத்துக்கு நேர்ந்த அவமானம்."

அங்கேயே உத்தரவுகள் பிறந்தன. பராமரிப்பு நாட்களில் அந்த வண்டியைச் சாலையில் யாரும் தாமதப்படுத்தக் கூடாது. கழற்ற வசதியாக, சடையிலுள்ள சீல் சடையிலேயே இருக்க, இருக்கைப் பக்கம் ஒரு கொக்கி போட்டுக்கொள்ளலாம். வியாரிக்கா ஆஸ்பத்திரி வார்டு, கழகத்தின் அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிலையம். அந்த நாற்காலி இக்கருவிக்கென ஒதுக்கப்பட்ட பராமரிப்பு மேடை, வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது. இதற்கெல்லாம் தலைவருக்கு அதிகாரம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய முத்திரை இருந்தது, போதாதா?

சனிக்கிழமை காலை கழகத்தின் இரண்டு ஊழியர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வார்டுக்குப் போய், நிமியாவின் நாற்காலியின் முதுகில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, கீதத்தின் முதல் சரணத்தை மட்டும் மெதுவான குரலில் பாடிவிட்டுப் போனார்கள். நர்ஸ் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, மறுபடி படித்துவிட்டு, ஊசியை எடுத்தாள். பெஞ்சில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அன்று அவர்கள் நிமியாவை நலம் விசாரிக்கவில்லை. ருஃபினோவை ஓரமாகக் கூப்பிட்டு, அந்த மாதிரி வேன் எங்கே கிடைக்கும், மீட்டர் கட்டாயம் வலது பக்கம்தான் இருக்குமா என்று கேட்டார்கள். ருஃபினோ கிளெதோவின் விலாசத்தைச் சொன்னார். சொல்லும்போது அவரால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 

சிகிச்சை முடிந்ததும் வார்டு டாக்டர் அவரை வழக்கம்போல் ஜன்னலோரம் அழைத்துப் போனார். நோய் பார்க்கிற டாக்டர், சின்னப் பையன், நல்லவன். ருஃபினோ வழக்கமான கேள்வியைக் கேட்டார். இன்னும் எத்தனை நாள் என்பதுதான் அந்தக் கேள்வி, அவர் வேறு வார்த்தைகளில் கேட்பார். டாக்டரும் வழக்கமான பதிலைச் சொன்னார். போகப் போகப் பார்ப்போம், செவ்வாய்க்கிழமை பார்ப்போம்.

வெளியே வந்து நிமியாவைத் தூக்கி இருக்கையில் சாய்த்து, சடையைக் கொக்கியில் மாட்டினார். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னான்?"

"செவ்வாய்க்கிழமை பாக்கலாமாம்."

"இன்னொரு டாக்டர் என்ன சொல்லியிருக்கான்? கண்ணாடியில ஒட்டியிருக்கானே, படி."

ருஃபினோ ஸ்டிக்கரைப் பார்த்தார். வெயிலில் பின்பக்கமாகத் தெரிந்த எழுத்தைக் கூட்டிப் படித்தார். இவ்வண்டியும் இதன் சீல் வைத்த கருவிகளும் அடுத்த ஆண்டு இதே மாதம் முடியும்வரை நல்ல நிலையில் இயங்கும் எனக் கழகம் உறுதியளிக்கிறது. அவர் அதை ஒருதரம் படித்துவிட்டு நிறுத்தவில்லை.

"ஒரு வருஷம், கிழவி. உறுதின்னு போட்டிருக்கான்."

"கையெழுத்து இருக்கா?"

"இருக்கு. முத்திரையும் இருக்கு."

"சரி."

அவர் சாவியைத் திருப்பினார். ஜப்பான்காரி இனிமையாகத் தன் புகாரைச் சொன்னாள்.

"கார்டு இல்லடி தங்கச்சி. ஸ்டிக்கர் இருக்கு" என்றாள் நிமியா. பிறகு, கண்ணை மூடியபடியே, "நாப்பது" என்றாள்.

வண்டி இன்னும் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டவில்லை. ருஃபினோ சாலைக்கு வந்து, நாற்பது என்று தோன்றிய இடம்வரை கொண்டுபோய், இத்தூர்பே வரும்வரை அதை அங்கேயே வைத்திருந்தார்.